முழங்கால் அளவுக்கு ஒரு குல்லா

என் இருமலை முதன்முதலில் கேட்டது டாக்டர் இல்லை. காரிமங்கலத்துக்கு மேற்கே மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்து கேட்டன.

நான் மைக் செட் வைத்திருப்பவன். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பண்டிகை, மாதா தேர், சாவு எதுவானாலும் சரி, புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரைத் தூங்கவிடாமல் செய்வது என் தொழில். அன்றைக்கு ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர்த்தட்டோடு பந்தலுக்குள் வந்தார். "அன்பும் பண்பும் நிறைந்த தாய்மாமன் அவர்கள்" என்று ஆரம்பித்தேன். பண்பு வரைக்கும் வந்தது. அதற்குமேல் இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கை அணைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. மரத்தில் இருந்த நான்கு குழாயும் நான்கு திசையைப் பார்த்து இருமின. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ பெரிய மனுஷன் போகப்போகிறான் என்று பேசிக்கொண்டார்களாம். பெரிய மனுஷன் என்றதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மைக்கில் காற்று அடிக்காமலிருக்க அதன் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருப்பேன். இருமி முடித்துப் பார்த்தால் கைக்குட்டை சிவப்பாக இருந்தது.

"வெத்தலைங்க" என்றேன், பக்கத்தில் நின்றவரிடம். அவர் நம்பிவிட்டார். வீட்டில் என் மனைவி லூர்து நம்பவில்லை.

"நீங்க எப்பலேர்ந்து வெத்தல போடறீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கைக்குட்டையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "காலையில மொத பஸ்ஸு. நானும் வரேன்" என்றாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம்.

இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வார்டுக்கு நாளைக்கு யாராவது போகலாம். போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி பயம் குறையும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் முழுப் பயத்தையும் நான் ஒருவனே அனுபவித்தேன்.

தர்மபுரிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு ஆஸ்பத்திரி. வாசலில் சீட்டு எழுதியவர் பெயர் கேட்டார். ஆரோக்கியசாமி என்றேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஒருவர் இருமுவார். அடுத்தவர் அவரைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். பிறகு நகர்ந்தவர் இருமுவார். அப்படியே நகர்ந்து நகர்ந்து, மத்தியானத்துக்குள் எல்லோரும் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டோம். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் சட்டையைக் கழற்றி, நெஞ்சை ஒரு தகட்டோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள். கார்த்திகைக் குளிரில் அந்தத் தகடு எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டாம். "மூச்ச இழுத்துப் புடி" என்றார். மூச்சை இழுத்துப் பிடிக்க முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டர்தான். கேரளத்துக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, விலா எலும்புகளுக்கு நடுவில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்ததைக் காட்டினார்.

"இங்கே பாருங்க. மேகம் மாதிரி இருக்கு இல்ல?"

"மழ வருங்களா சிஸ்டர்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. லூர்தும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

டி.பி. என்று சொன்னார். எங்கள் பக்கம் அதைச் சயம் என்போம். சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். சிஸ்டர் குரலைத் தாழ்த்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று நுரையீரலில் உட்கார்ந்து அதை அரிக்கிறது, இருமும்போது காற்றில் வெளியே வருகிறது, பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சில் இழுத்தால் அவருக்கும் வரலாம், மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார். நான்கு குழாயிலும் இருமியிருக்கிறேனே, நான்கு ஊருக்கும் வந்துவிடுமா என்று கேட்டேன். "மைக் வழியாகப் போகாது. பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு லூர்துவின் வயிற்றைப் பார்த்தார்.

அன்றைக்கே லூர்துவுக்கும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. காலையில் துப்பும் சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்கள். கிருமி தெரிந்தால் பாசிட்டிவ், தெரியாவிட்டால் நெகட்டிவ். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். உள்ளே வந்தால் எல்லாம் தலைகீழ். எனக்கு நெகட்டிவ் ஆகும்வரை நான் வார்டை விட்டு வெளியே போகக்கூடாது. அவள் உள்ளே வரக்கூடாது. அதுதான் ஏற்பாடு.

லூர்து வாசலில் நின்று, "செட்டப் பத்திக் கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று பிறகு தெரிந்தது. மருந்துச் செலவுக்கு இரண்டு குழாய் அடகுக்குப் போயிருந்தன. இனிமேல் இருமினால் இரண்டு ஊருக்குத்தான் கேட்கும்.

டி.பி. வார்டு வளாகத்தின் கடைசியில், மற்ற கட்டிடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. தினமும் இடுப்பில் ஓர் ஊசி. அந்த மருந்துக்குக் காதில் இரைச்சல் கேட்கும் என்றார்கள். கேட்டது. மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே இருந்தால் ஒரு ஊளை வருமே, அதே ஊளை. ஊரெல்லாம் நான் கேட்க வைத்ததைக் கடவுள் எனக்குத் தனியாகப் போட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை ஒன்று சிறுநீரைச் செம்மண் நிறமாக்கியது. முதல் நாள் அதைப் பார்த்து, அவ்வளவுதான், மேலே வந்த ரத்தம் இப்போது கீழேயும் வருகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாருமே முன்னால் சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன். அது மருந்தின் சாயம். பயப்படவேண்டாம்.

அந்த வார்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்ளேயிருந்து வெளியே போகும் எந்தச் சாமானும் வெந்துவிட்டுத்தான் போகவேண்டும். தட்டு, டம்ளர், லுங்கி, போர்வை எல்லாம். பின்கட்டில் ஒரு தகர டிரம் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் அதிபதி தொட்டம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கையில் ஒரு நீளக் கட்டை. வார்டுக்கும் மற்ற கட்டிடங்களுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோவதும் அவர்தான். செய்தியை மட்டும்தான் வேகவைக்காமல் கொண்டுபோனார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மாதையன். ஏரியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பட்டாளத்துக்குப் போய், அங்கேயே இந்த நோய் வந்து, சரியாகி, ஊர் திரும்பியபின் மறுபடியும் வந்துவிட்டது. என் வயதுதான் இருக்கும். உதட்டை மறைக்கும் மீசை. நான் போன அன்று அந்த மீசைக்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு நீள ஊசிகளை வைத்துக்கொண்டு மப்ளர் பின்னிக்கொண்டிருந்தார்.

"என்ன மிலிட்டிரி, மீச இவ்ளோ பெருசா இருக்குது, கையில ஊசி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"மீசயால பின்னிப் பாத்தேங்க. வரல. அதான் ஊசி."

அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வடக்கே ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டாராம். "அங்க படுத்துக் கெடக்கறவனுக்கு ரெண்டே வேல. ஒண்ணு சாவறது. இன்னொண்ணு பின்றது. நான் ரெண்டாவத எடுத்துக்கிட்டேன்." அந்த மப்ளரை முடிக்கும் நிலைக்கு வந்ததும் உருவிப் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். யாருக்கு என்று கேட்டேன். "வாங்கிக்க ஆரு வராங்க?" என்றார். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்து பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் தொட்டம்மா கட்டையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்து ஜன்னலில் நின்றார். லூர்துவுக்கு நேற்றே வலி கண்டு, அவள் அம்மா வாடகைக் காரில் கூட்டிவந்து, இதே வளாகத்தில் பிரசவக் கட்டிடத்தில் சேர்த்திருக்கிறார். விடியற்காலையில் பெண் குழந்தை. மாசம் நிறையாத குழந்தை.

"மகு ரொம்பச் சின்னதப்பா" என்றார் தொட்டம்மா. மகு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினார். அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது உண்மையாகவே எட்டிப் பார்த்தேன்.

டாக்டர் சிஸ்டர் வந்தார். குழந்தை எடை மிகவும் குறைவு, தானாகப் பால் குடிக்கத் தெரியவில்லை, உடம்பில் சூடு நிற்க மாட்டேன் என்கிறது என்றார். பஞ்சைச் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். "இந்த மாதிரிக் குழந்தைக்கு உடம்போட அளவுக்குத் தலை பெரிது. சூடு தலை வழியாகத்தான் போகுது. துணி கட்டியிருக்கோம், நிற்க மாட்டேங்குது, நழுவுது" என்றார்.

"நான் ஒரு தடவ பாக்கலாங்களா சிஸ்டர்? தூரத்துல நின்னு."

"உங்க சளி இன்னும் பாசிட்டிவ், ஆரோக்கியம்."

அவ்வளவுதான். பிரசவக் கட்டிடத்தின் தாழ்வாரம் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். நடுவில் ஒரு மைதானம், அதில் இரண்டு வேப்பமரம். ஊருக்கு ஊர் குரல் கொண்டுபோகிற தொழில் எனக்கு. என் மகள் அந்த மைதானத்துக்கு அந்தப் பக்கம் குளிரில் கிடக்கிறாள். என்னால் ஒரு மூச்சுக்கூட அந்தப் பக்கம் அனுப்பமுடியாது. அனுப்பினால் அதிலேயே நோய் போகும். கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் கையைக் குத்திக்கொண்டு, எழுந்து ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய் என்று இருந்தேன்.

மாதையன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் பச்சைப் பட்டாள ஸ்வெட்டரைக் கழற்றி, அதன் வலது கையைத் தையல் பிரித்துத் தனியாக எடுத்து நூலை உருவினார்.

"என்னாங்க பண்றீங்க?"

"அந்த மப்ளர் நூலு பஜார்ல வாங்குனது. சொரசொரன்னு குத்தும். கொழந்தைக்கு ஆவாது. இது அசல் ஆட்டு மசுரு. குல்லா பின்னு."

"நீங்களே பின்னிக் குடுங்களேன். எனக்குக் கோணி தைக்கவே தெரியாது."

"நான் பின்னுனா நாளைக்கே முடிஞ்சிரும். அப்பறம் நீ என்ன பண்ணுவ? மறுபடியும் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடப்ப. எனக்குத் தலய சுத்துது. நீயே பின்னு."

அவருடைய ஊசியில் மப்ளர் பாதியில் நின்றிருந்தது. அதனால் கொசுவலை கட்டும் மூங்கில் கம்பு ஒன்றைப் பிளந்து, சவரப் பிளேடால் இரண்டு ஊசி சீவினேன். மூங்கில் சீவுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஓர் எண்ணம். ஒன்று பென்சில் பருமனுக்கு வந்தது. இன்னொன்று என் கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. அதற்குமேல் சீவினால் உடைந்துவிடும் போலிருந்ததால் விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னல் என்பது பெரிய வித்தை இல்லை என்பார்கள். ஓர் ஊசி நிறையச் சுருக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கண்ணி என்று பெயர். அடுத்த ஊசியை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டு, நூலைச் சுற்றி இழுத்து, கண்ணியை அந்த ஊசியிலிருந்து இந்த ஊசிக்கு மாற்றவேண்டும். எல்லாம் இந்தப் பக்கம் வந்ததும் ஊசியைக் கை மாற்றிப் பிடித்து மறுபடியும் அதையே செய்யவேண்டும். இவ்வளவுதான். இதில் என் கண்ணிகள் வழியிலேயே இறங்கிவிடும். கண்டக்டர் விசில் கொடுக்குமுன் இறங்குகிற ஆட்கள் மாதிரி. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஏணிப்படியாய்ப் பிரிந்துகொண்டு போகும். மாதையன் ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே ஏற்றிக் கொடுப்பார்.

"இழுத்துப் பின்னுய்யா. எதுக்குப் பயப்படற? கொழந்த கழுத்தயா இழுக்கற?"

உண்மையில் எனக்கு அப்படித்தான் இருந்தது. இறுக்கி இழுக்க மனசு வரவில்லை.

அளவு என்ன என்ற கேள்வி வந்தது. வார்டில் எல்லோரும் ஆண்கள். பிறந்த குழந்தையின் தலையை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஒருவர் சாத்துக்குடி என்றார், ஒருவர் தேங்காய் என்றார். வார்டில் இரண்டும் இல்லை. மாதையன்தான் தீர்ப்புச் சொன்னார். "மொழங்கால் அளவு. பட்டாளத்துல பிள்ளைக்குக் குல்லா பின்றவன் எல்லாம் மொழங்கால்லதான் போட்டுப் பாப்பான். அது ஒண்ணுதான் எப்பவும் கூடவே இருக்குது." நோய் தின்றபின் என் முழங்கால் வேறு மெலிந்துபோயிருந்தது. சரியாக இருக்கும் என்று எனக்கும் பட்டது.

நீளமாக ஒரு துண்டு பின்னி, இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்துக் குல்லா ஆக்கினோம். முழங்காலில் மாட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன் ஊசியும் என் தளர்ந்த கையும் சேர்ந்து செய்த வேலை தெரிந்தது. குல்லா முழங்காலில் நிற்காமல் தொடை வரைக்கும் ஏறிப்போயிற்று. மாதையன் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். காது மறைந்தது.

"எனக்குச் சரியா இருக்குது" என்றார்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் இருமல் வரும், இருமினேன். பிரித்துப் பின்ன நேரம் இல்லை. பனி கூடிக்கொண்டே இருந்தது. பெரிதாக இருந்தால் மடித்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று தொட்டம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்துவிட்டு வந்து படுத்தபோது, சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஏதோ வேலை செய்த களைப்பு இருந்தது. அந்தக் களைப்பு நன்றாக இருந்தது.

மாதையன் டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆரோக்கியம். அந்தம்மா அத எங்க எடுத்துக்கிட்டுப் போச்சு?"

எனக்கு உடனே புரியவில்லை.

"வேகவெக்கப் போவுதுய்யா. உல்லன் நூல கொதிக்கிற தண்ணியில போடக்கூடாது. சுருங்கிப்போவும். எங்க பட்டாளத்துல வெயில்லதான் போடுவாங்க."

பின்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். டிரம்மில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தொட்டம்மா ஒரு கையில் பச்சைக் குல்லாவும் மறு கையில் கட்டையுமாக நின்றிருந்தார். "போடாதீங்க" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். சீழ்க்கை மாதிரி ஒரு காற்றுதான் வந்தது. நான்கு குழாய் வைத்து ஏரிக்கு அந்தப் பக்கம் வரை பேசியவன். இருபது அடி தூரத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளைக்கு என் குரல் போய்ச் சேரவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். தொட்டம்மா நிமிர்ந்து பார்த்து, நான் சந்தோஷத்தில் கை ஆட்டுகிறேன் என்று நினைத்து, கட்டையைத் தூக்கித் தானும் ஆட்டினார். பிறகு குல்லாவைப் போட்டு, மேலே மிதந்ததைக் கட்டையால் உள்ளே அமுக்கினார். வெளுத்துக் கிருமி போகவேண்டும் என்ற அக்கறையில் கிண்டினார், குத்தினார், திருப்பிப் போட்டார். என் மகள் தலைக்கு என்பதால் வழக்கத்தைவிட அதிக நேரம் வேகவிட்டார்.

வெகுநேரம் கழித்து ஜன்னலுக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார். அதில் ஈரமாக, தடித்து, என் முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று இருந்தது. கண்ணிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பின்னல் என்பதே தெரியாமல் குதிரைச் சேணத்துக்குக் கீழே போடுகிற கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருந்தது.

"ஏனப்பா, நான் போட்டப்ப பெருசா இருந்திச்சே. மிச்சம் எங்க போச்சு? டிரம்ம கவுத்துக்கூடப் பாத்தேன்" என்றார். அவர் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"பரவால்லீங்க தொட்டம்மா. தூக்கிப் போட்டுருங்க" என்றேன்.

"தூக்கிப் போடறதா? அப்பன் செஞ்சது. நான் காயவெச்சுக் குடுத்துடறேன்" என்று முந்தானையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை டாக்டர் சிஸ்டர் மைதானத்தில் ஓடினார். கன்னியாஸ்திரீ ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு செருப்பு வேப்பமரத்தடியில் கழன்று விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே தொட்டம்மா வந்து, வழக்கம்போல் கத்தாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். குழந்தை மூச்சு விட மறந்துபோயிற்றாம். உடம்பு நீலமாகிவிட்டதாம்.

சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுக்க யாராவது வந்தால் என்ன ஆயிற்று என்று தெரியும். யாரும் வரவில்லை. மாதையன் மிச்சமிருந்த நூலை என் கையில் திணித்தார். மூங்கில் ஊசியில் கண்ணி ஏற்றினேன். எதற்கு என்று இல்லை. இந்த ஊசியிலிருந்து அந்த ஊசிக்கு, அந்த ஊசியிலிருந்து இந்த ஊசிக்கு. ஜெபம் சொல்ல முயன்றால் பாதியில் நின்றது. கண்ணி மட்டும் நிற்காமல் போயிற்று. ஒன்றுகூட நழுவவில்லை. மாதையன் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

வெயில் சாய்ந்தபின் சிஸ்டர் வெளியே வந்தார். மரத்தடிக்கு வந்து செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மூச்சு வந்துருச்சு. இன்னைக்கு இது போதும். நாளைக்கு உள்ளத நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

போகத் திரும்பியவர் நின்றார். "அந்தத் தொப்பி நீங்க செய்ததா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வெந்துபோச்சுங்க சிஸ்டர்."

"யார் உங்களுக்கு அளவு சொன்னாங்க?"

மாதையன் சத்தமில்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நேற்றிலிருந்து அதுதான் தலையில இருக்கு. துணி எல்லாம் நழுவுது, அது நழுவல. காது வரைக்கும் கச்சிதமா உக்காந்திருக்கு. நல்ல கனம். காலையில் அந்த மாதிரி ஆனபோதுகூடத் தலை சூடாத்தான் இருந்தது. எப்படி இவ்வளவு சரியா அளவு எடுத்தீங்க?"

முழங்காலைச் சொல்வதா, டிரம்மைச் சொல்வதா? "ஆண்டவர் கணக்குங்க" என்றேன். போர்வைக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. அது நோய் இருமல் இல்லை.

அதற்குப் பிறகும் நாட்கள் லேசாகப் போகவில்லை. ஒரு நாள் பால் இறங்கியது என்பார்கள், மறுநாள் கக்கிவிட்டது என்பார்கள். எடை ஏறியது என்பார்கள், ஏறிய அளவைத் தொட்டம்மா சுண்டுவிரல் நுனியில் காட்டுவார். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் லூர்து எதிர்த் தாழ்வாரத்தில் வந்து உட்காருவாள். மடியில் வெள்ளைப் பொட்டலம். பொட்டலத்தின் நுனியில் ஒரு பச்சைப் பொட்டு. முகம் தெரியாது. பச்சைப் பொட்டு அசைகிறதா என்று பார்ப்பேன். சில நாள் அசையும். அன்றைக்கு நானும் சாப்பிடுவேன்.

தை மாதத்தின் கடைசியில் என் சளி நெகட்டிவ் ஆயிற்று. மறுபடியும் பார்த்தார்கள், மறுபடியும் நெகட்டிவ். வாழ்க்கையில் 'இல்லை' என்ற ஒரு வார்த்தைக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மாத்திரை மட்டும் இன்னும் பல மாதம், ஒரு நாளும் விடாமல். மாதையனுக்கு அன்றைக்கும் பாசிட்டிவ்தான்.

கிளம்பும்போது அவர் ஸ்வெட்டரின் இடது கையையும் பிரித்து உருண்டையாக்கி வைத்திருந்தார். சிஸ்டரிடம் கேட்டு, பல நாள் வெயிலில் காயவைத்து, தொட்டம்மா கண்ணில் படாமல் மடித்து வைத்திருந்தார்.

"உங்களுக்குக் குளுருமேங்க" என்றேன்.

"ஒத்தக் கை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எத்தினி நாளைக்கு இருக்கறது? பாக்கறவன் சிரிக்கறான். இப்ப இது பனியன் மாதிரி ஆயிருச்சு, சோடியா இருக்குது" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இழுத்துப் பின்னு."

லூர்து தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். அவள் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மூன்றடி தள்ளியே நின்றுவிட்டேன். நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்த பிறகும் காலுக்கு அது தெரியவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மிளகாய்ப் பழம் மாதிரி ஒரு முகம். நெற்றி வரைக்கும் பட்டாளப் பச்சை. குல்லா இப்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஓரத்தில் சிவந்த கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை வளர்ந்திருக்கிறது.

"ஏங்க, நிக்கறீங்களே. புடிங்க" என்று லூர்து குழந்தையை நீட்டினாள்.

"இரு. கையக் கழுவிட்டு வரேன்."

"மூணு தடவ கழுவிட்டீங்க. தொட்டம்மா சொல்லிருச்சு."

வாங்கிக்கொண்டேன். கனம் இல்லை. மைக்கின் கனம்கூட இருக்காது. மகள் கண்ணைத் திறந்து பார்த்து, பிடிக்காமல் மறுபடியும் மூடிக்கொண்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்பும் பண்பும் நிறைந்த என்று ஆரம்பிப்பதற்குக்கூட வாய் வரவில்லை.

லூர்து என் பையைத் திறந்து பார்த்தாள். நூல் உருண்டையையும் இரண்டு மூங்கில் ஊசிகளையும் எடுத்தாள். கட்டைவிரல் பருமன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வர மார்கழிக்கு இன்னொண்ணு பின்னணும்" என்றாள்.

அடுத்த மார்கழியைப் பற்றி அவள் சாதாரணமாகப் பேசினாள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேரில் யாரும் நாளைக்கு அப்பால் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"என்ன அளவுக்குப் பின்றது?" என்றேன். "அப்ப இவ தல எவ்ளோ இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லூர்து ஊசியைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"நீங்க மொழங்காலுக்கே பின்னுங்க. மிச்சத்த நான் வேகவெச்சுக்கறேன்."